கடலின் வெப்பத்திலிருந்து குடிநீர்

பூமியின் அடியில் தணியாத வெப்பம் உண்டு என்பதை நாம் அறிவோம். இமாசலப் பிரதேசத்து மணிகரணில் அவ்வெப்பம் கொதிநீர் ஊற்றாக வெளிப்படுகிறது. யாத்திரிகர்கள் அதிலேயே அரிசியை வேகவைத்துக் கொள்கின்றனர். லடாக்கின் புகா பள்ளத்தாக்கில் நிலத்தடி வெப்பத்தினின்று மின்சாரம் எடுக்க 2021-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சென்னைக் கரையில் அத்தகைய ஊற்றுகள் இல்லை. எனினும் இயற்கை நமக்கு வேறொரு வெப்பக் களஞ்சியத்தை அளித்திருக்கிறது. அதுவே கடல்.

வெயில் படும் மேற்பரப்பில் கடல் நீரின் உஷ்ணம் சுமார் 28 பாகை செல்சியஸ். ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலோ அது 12 அல்லது 13 பாகைதான். இந்த வேறுபாட்டைக் கொண்டு உப்பு நீரைக் குடிநீராக்கலாம். அடையாற்றுக்குத் தெற்கே பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இதனை நடைமுறையில் செய்து காட்டியுள்ளது. 1993-இல் தொடங்கப்பெற்ற மத்திய அரசு நிறுவனம் அது.

வெந்நீர் அல்லாத நீர் எவ்வாறு ஆவியாகும் என்று சிலர் வினவலாம். உதகமண்டலத்தில் பருப்பு வேக அதிக நேரம் பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடுகிறது. மூடிய தொட்டி ஒன்றிலிருந்து காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டால், 28 பாகை நீரும் அதில் ஆவியாகும். உப்பு தங்கிவிடும், ஆவி மட்டும் எழும். சோற்றுப் பானையின் மூடியில் ஆவி துளித்துளியாகப் படிவதுபோல, ஆழ்கடலின் குளிர்நீர் ஓடும் குழாய்களின்மேல் அந்த ஆவி படிந்து நன்னீராகிறது. அடுப்பும் விறகும் வேண்டியதில்லை. ஆனால் நீரை இறைக்கவும் காற்றை வெளியேற்றவும் மின்சாரம் வேண்டும். ஆகவே இது செலவற்ற நீர் என்று எண்ணிவிடலாகாது.

லட்சத்தீவுகளில் கவரத்தித் தீவிலே 2005-இல் இத்தகைய நிலையம் நிறுவப்பட்டது. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் நன்னீர் தரும் திறன் உடையது அது. 2011-இல் மினிக்காய், அகத்தி ஆகிய தீவுகளிலும் நிலையங்கள் ஏற்பட்டன. ஆறும் ஏரியும் இல்லாத அத்தீவு மக்களுக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை.

இதனை நம் கரையோரக் கிராமங்களிலும் அமைக்கலாகாதா? இங்கேதான் நிலத்தின் இயல்பை ஆராய வேண்டும். கவரத்தியில் கரையை அடுத்தே கடல் ஆழ்ந்துவிடுகிறது. குளிர்நீருக்குச் சில நூறு மீட்டர் நீளமுள்ள குழாயே போதும். சென்னையிலோ கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகிறது. அதனால் 2007-இல் நாள்தோறும் 10 லட்சம் லிட்டர் திறனுள்ள சோதனை நிலையத்தைக் கரையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மிதவையின்மீது அமைக்க வேண்டியதாயிற்று. 2009-இல் வடசென்னை அனல் மின் நிலையத்தில் வேறொரு வழி சோதிக்கப்பட்டது. இயந்திரத்தைக் குளிர்வித்தபின் சூடாக வெளியேறும் கடல் நீரை ஆவியாக்கி, சாதாரணக் கடல் நீராலேயே குளிர்வித்தனர். வீணாகும் வெப்பம் உள்ள இடத்திற்கு இது ஏற்ற முறை.

அடையாறு, திருவான்மியூர் முதலிய தென்சென்னைப் பகுதிகளுக்கு நீர் வழங்க 2013-இல் திறக்கப்பட்ட நெம்மேலி நிலையமோ, உப்பை மென்சவ்வின் வழியே அழுத்திப் பிரிக்கும் முறையைக் கொண்டது. அது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடையது. மாநகரின் தேவைக்கு அது பொருந்தும். சிற்றூர்ப் பஞ்சாயத்து ஒன்றின் வருமானத்திற்கு அத்தகைய நிலையம் தாங்காது.

ஆகவே, இயந்திரம் வரும் என்று காத்திருந்து ஏரி குளங்களைக் கைவிடுவது தகாது. கரையோரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்தால் கடல் நீர் உட்புகும்; மீஞ்சூர்ப் பகுதி இதற்குச் சான்று. ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் இனிக்காது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் கிணற்று நீரின் உப்பைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே வரத்துக் கால்வாய்களைத் தூர்வார வேண்டும். விவசாயிகள் மோட்டாரை அளவறிந்து ஓட்ட வேண்டும். கடலிலிருந்து பெறும் நீர் தீவுகளின் தாகத்தைத் தணிக்கும். நம் ஊர்களின் தாகத்தைத் தணிக்க முதலில் மழைநீரைக் காப்போமாக.