சுருட்டி வைக்கும் போர்க்களம்

தான் வகுத்த போர் விளையாட்டை, மணலைக் குவித்துத்தான் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் முதலில் ஆடிக் காட்டினார். பிரஷ்ய இளவரசர்களுக்கு அது பிடித்துப்போய்த் தகப்பனாரிடம் சொன்னார்கள். மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் பார்க்க விரும்பியதும் ரைஸ்விட்ஸுக்குச் சங்கடம். ராஜா முன்னால் மணலைக் கொட்டுவதா? அவகாசம் வாங்கி, 1812இல் ஓர் அலமாரியையே கொண்டுபோய் நிறுத்தினார். மேலே மேசைப் பரப்பு. இழுப்பறைகளில் மலையும் ஆறும் சாலையும் புடைப்பாக வார்த்து வர்ணம் தீட்டிய பிளாஸ்டர் சில்லுகள். மாற்றி அடுக்கினால் வேறொரு நாடு.

அழகான வேலை. அரண்மனை இருப்பவருக்குச் சரி.

எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிப்பாய்ப் பொம்மைகளை வைத்து ஆட அவர் விதி எழுதிய 'லிட்டில் வார்ஸ்' 1913இல் வந்தது. கலைக்களஞ்சியத் தொகுதிகளைக்கூட அடுக்கி நிலம் அமைத்தவர் அவர். பிறகு வந்தவர்கள் சாப்பாட்டு மேசைக்கு ஏறி, புத்தகங்கள் மேல் பச்சைத் துணியை விரித்துக் குன்று என்றார்கள். சட்டைப் பொத்தான் வரை தீட்டிய 28 மில்லிமீட்டர் சிப்பாய், பில்லியர்ட்ஸ் மேசையில் வழி தவறியவன்போல நிற்பான்.

இதற்கு இன்றைய ஆட்டக்காரர்கள் கண்ட வழி ஒரு பாய். பெயின்டர்கள் தரையை மூட விரிக்கும் கித்தான் துணியை, ஆறுக்கு நான்கடி மேசையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, பலகையில் இழுத்துப் பிடித்து அடிக்கிறார்கள். இழுத்து அடிக்காவிட்டால் காயும்போது சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் பூசுவது ஜன்னல் சட்டத்தின் இடுக்கை அடைக்கும் அக்ரிலிக் கால்க்.

சூட்சுமம் இந்தக் கால்க்கில்தான். மரப்பசையில் குழைத்த மணலும் பிளாஸ்டரும் கல்லாக இறுகி, துணியை மடக்கிய அன்றே வெடித்து உதிரும். கால்க் காய்ந்தாலும் ரப்பர்போல வளைந்து கொடுக்கும். அதிலேயே பழுப்பு அக்ரிலிக் பெயின்டையும் சலித்த மணலையும் கலந்துவிட வேண்டும். நிறம் மேலோடு நில்லாமல் உள்ளே வரை ஓடுவதால், கீறல் விழுந்தாலும் வெள்ளையாகப் பல்லிளிக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. மொத்தமாகக் கலந்தால் பாதி பூசுவதற்குள் ஆடை கட்டிவிடும்.

கரண்டியால் மெல்லிசாக இழுத்து, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் மேடுபள்ளம் தானாக எழும். வண்டித்தடம் வேண்டுமா? ஈரம் இருக்கும்போதே இரண்டு விரலை இழுங்கள். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் மோகத்தில் விழுகிறார்கள். கல்லும் கரடுமாகக் கொட்டிவிட்டுப் பார்த்தால் ஒரு சிப்பாயும் நேராக நிற்பதில்லை. இது முதலில் ஆடுகளம், அப்புறம்தான் நிலக்காட்சி.

ஒருநாள் நன்றாகக் காய்ந்த பின், தூரிகையில் வெளிர் மண்நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் நிறத்தை மேடுகளில் மட்டும் உரசுவது. ஐந்தே நிமிடத்தில் சேறு நிலமாகிவிடும். எனக்கு இந்தக் கட்டம்தான் பிடிக்கும். புல்லுக்கு, தண்ணீர் விட்ட மரப்பசை தடவி, சாயமேற்றிய மரத்தூளைத் தூவ வேண்டும். திட்டுத் திட்டாக, இரண்டு மூன்று பச்சையில். ஒரே பச்சை எந்த வயலிலும் கிடையாது.

ஆட்டம் முடிந்ததும், பூச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி தடித்த அட்டைக் குழாயில் சுற்றி அலமாரி மேல் வைத்துவிடலாம். இரவு அதே மேசையில் சாப்பாடு.

ரைஸ்விட்ஸின் மகனும் அப்பாவின் அலமாரியைக் கைவிட்டவர்தான். 1824இல் அவர் தாள் வரைபடத்தில் ஆடிக் காட்டிய பிறகே, பிரஷ்யப் படைத் தலைமைப் பணியகத்தின் தலைவர் முஃப்லிங் அந்த விளையாட்டைப் படைக்குப் பரிந்துரைத்தார்.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் அக்ரிலிக்கும் சிலிகானும் ஒரே மாதிரிக் குழாயில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சிலிகானில் பெயின்ட் ஒட்டாது. எழுத்தைப் படித்து வாங்குங்கள்.