கையெழுத்துக்கு முன் வரும் கடிதம்

கடையை வாடகைக்கு எடுத்தாலும், நண்பரோடு கூட்டாகத் தொழில் தொடங்கினாலும், முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் ஒப்பந்தம் அல்ல. ஒன்றிரண்டு பக்கக் கடிதம்தான். நோக்கக் கடிதம், புரிந்துணர்வுக் குறிப்பு என்று அதற்குப் பல பெயர்கள். “இது சும்மா ஒரு சம்பிரதாயம், கையெழுத்துப் போடுங்க” என்ற பேச்சும் கூடவே வரும்.

கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் இத்தகைய கடிதங்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். அவற்றின் தலைப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என்ன பெயர் வைத்தாலும், இரு தரப்பும் இப்போதே கட்டுப்பட எண்ணினார்களா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ‘முறையான ஒப்பந்தத்திற்கு உட்பட்டது’ என்று எழுதியிருந்தால், பொதுவாக ஒப்பந்தம் இன்னும் ஏற்படவில்லை என்றே பொருள். ஆயர் ஈத்தாம் ஈயச் சுரங்க நிறுவனத்தின் வழக்கில் 1994இல் வெளிவந்த மலேசியத் தீர்ப்பு, இதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால், அந்த வாசகம் இல்லாமல் இடம், விலை, காலம் எல்லாம் முடிவாகியிருந்தால், கடிதமே ஒப்பந்தமாகிவிடலாம்.

ஆகவே ஆபத்து இரு பக்கமும் உண்டு. கட்டுப்படுத்தாது என்று நினைத்த கடிதம் நம்மைக் கட்டிப்போடலாம். கட்டுப்படுத்தும் என்று நம்பி வேலையை விட்டு, கடன் வாங்கியபின், எதிர்த்தரப்பு கைவிரிக்கலாம்.

கிள்ளானில் உணவுக்கடை வைக்க முனைந்த என் அண்ணன் மகள், “சித்தப்பா, மூணு மாச வாடகையை முன்பணமா கேட்கிறாங்க, கட்டிடவா?” என்றாள். கடிதத்தில் வாடகைத் தொகை இருந்தது. முன்பணம் திரும்புமா என்பது இல்லை. அவளை வழக்கறிஞரிடம் அனுப்பினேன். அவர் மூன்று விஷயங்களைச் சேர்த்தார். 30 நாளில் வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். அதுவரை இடத்தை வேறு எவருக்கும் தரக்கூடாது. இவை இரண்டும் இப்போதே கட்டுப்படுத்தும். மற்றவை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே.

பின்னர் உரிமையாளர் வாடகையை ஏற்றினார், பேச்சு முறிந்தது. முன்பணம் திரும்பி வந்தது. அடுப்பு, மேசை எதற்கும் அவள் அதுவரை ஆர்டர் கொடுத்திருக்கவில்லை.

கூட்டுத் தொழிலுக்கும் இதே கணக்குதான். உங்கள் சமையல் குறிப்பையோ வாடிக்கையாளர் பட்டியலையோ காட்டுவதற்கு முன், அதை ரகசியமாகக் காக்கும் உறுதிமொழியை எழுத்தில் வாங்குங்கள். நகராண்மைக் கழக உரிமமும் வங்கிக் கடனும் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

நல்ல மனத்தோடு பேசுகிற எவரும் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே அது தெரிந்ததும் நல்லதுதான்.