பள்ளிக்கூடம் தந்த தைரியம்

எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா ஒருவருக்குச் சொந்த ஊர் இலங்கை மன்னார். 1990ல் அங்கே மறுபடி போர் மூண்டபோது அவருக்கு ஏழு வயசு. இரவோடு இரவாகப் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் சேர்ந்தார்களாம். கல்யாணமாகித்தான் காரைக்கால் வந்தார்.

இப்பவும் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் அவர் கை மெஷினில் அப்படியே நின்றுவிடும். தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொள்வார்.

"எப்படிக்கா தேறி வந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "பள்ளிக்கூடம்தாம்மா" என்றார். தலை பின்னி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது 'நாளைக்கும் ஒரு நாள் இருக்கு' என்று தோன்றுமாம். சாயங்காலம் முகாமில் படித்த அக்காமாரே பாடம் சொல்லித் தருவார்களாம். தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் இப்படித்தான். அகதிகளுக்கு அகதிகளே கைகொடுத்தார்கள்.

இன்று அந்த அக்கா, தைத்துக்கொண்டே தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். காசு வாங்குவதில்லை.

'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021ல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நம் வாய் மட்டும் இன்னும் 'அகதிப் பொண்ணு' என்கிறதே!

தோழியரே, உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்தால், 'அங்கே என்ன நடந்துச்சு?' என்று கிளறாதீர்கள். அவரே சொல்ல வந்தால் வேலையை ஒதுக்கிவைத்துக் கேளுங்கள். வெடி வைக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதுவே பெரிய ஆறுதல்.

- ஒரு வாசகி, காரைக்கால்