சாண் பாம்புதானே என்று இருந்துவிடாதீர்கள்!

போன ஆவணி மாதம். ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழு மணி இருக்கும். க்ளினிக்கைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். நாற்பது வயது. குடும்பத்தோடு பாம்பாறு அணையைப் பார்க்க வந்தவர், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று பக்கத்துக் கரட்டில் ஏறியிருக்கிறார். இருட்டும் நேரத்தில் இறங்கும்போது கணுக்காலில் சுருக்கென்று ஏதோ குத்தியிருக்கிறது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் கல்லை ஒட்டி ஒரு பாம்பு.

"சின்னதுதாங்க டாக்டர். ஒண்ணரைச் சாண் இருக்கும். குட்டின்னு நினைக்கிறேன். வலிகூட அவ்வளவா இல்லை. இங்க ஒரு சித்த வைத்தியர் பச்சிலை கொடுப்பார்னு டீக்கடையில சொன்னாங்க..."

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏதாவது சத்தம் போட்டுச்சா?"

பையன் முந்திக்கொண்டான். "ஆமா அங்கிள், அப்பளம் பொரியற மாதிரி சர்ர்ர்னு!"

அதற்கு மேல் நான் நாடி பார்க்கவில்லை. பச்சிலையும் தேடவில்லை. நானும் காரில் ஏறிக்கொண்டு, நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

அது குட்டி இல்லை. வளர்ந்த சுருட்டை விரியன்! நம் பக்கத்துச் சுருட்டை பெரும்பாலும் ஒரு முழத்தைத் தாண்டாது. பாலைவனத்துக்கென்றே படைத்த உடம்பு அதற்கு. ராஜஸ்தான் மணலில் இருப்பதும் இதன் உறவுதான். அது இன்னும் நீளம். ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி பக்கத்து மொட்டைக் கரடும், முள்காடும், சூடேறிய கல்லும் அதற்குச் சொந்த வீடு மாதிரி. பகலில் கல்லுக்கடியில் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். பயந்துவிட்டால் உடம்பை மடித்து மடித்துச் சுருண்டு, ரம்பப்பல் போன்ற செதில்களை ஒன்றோடொன்று உரசும். பையன் கேட்ட சத்தம் வாயிலிருந்து வந்ததல்ல, தோலிலிருந்து வந்தது. 'கிட்டே வராதே' என்று அது சொல்கிற பாஷை. நமக்குத்தான் புரிவதில்லை.

மலையேறப் போனால் வேறு பல ஜீவன்களையும் பார்ப்பீர்கள். எல்லாவற்றுக்கும் அலற வேண்டியதில்லை. வெயிலில் பாறை மேல் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டுமே, பாறை ஓணான், அதன் ஆண் இணைசேரும் காலத்தில் மேலெல்லாம் செக்கச்செவேலென்று மாறிவிடும். பார்க்கக் கண்கொள்ளாது. கடித்தாலும் விஷமில்லை. 'அரணை கடித்தால் மரணம்' என்பது சுத்தப் பொய். அரணைக்கு விஷமே கிடையாது, பாவம். உடும்பும் தன் வழியே போகும். (மூட்டுவலிக்கு உடும்பு எண்ணெய் தாருங்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் இன்றும் உண்டு. 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பைப் பிடித்தால் ஜெயில். என்னையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடாதீர்கள், தாயே!)

கவலைப்பட வேண்டியது நான்கு பாம்புகளுக்குத்தான். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் ஆளை ஏமாற்றுவது சுருட்டை. கடித்த இடத்தில் கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் வலி. 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் உள்ளே ரத்தம் உறைகிற சக்தியை அந்த விஷம் மெல்ல மெல்லக் காலி செய்துகொண்டிருக்கும். பல மணி நேரம் கழித்து ஈறில் கசியும், சிறுநீர் சிவக்கும், ஆறிப்போன பழைய புண்ணில்கூட ரத்தம் வரும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. இதுவரை வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1996-ஆம் வருடம். தொழிலுக்கு வந்து நான்கே வருடம் ஆகியிருந்தது. கல்லூரியில் நஞ்சு நூல் எனக்குப் பிடித்த பாடம். அந்தத் தெம்பு வேறு. மாந்தோப்பில் கூலி வேலை செய்தவரைக் கொண்டுவந்தார்கள். "சின்னப் பாம்புங்க சாமி" என்றார், இதே மாதிரி. மூலிகையை அரைத்துச் சாறு கொடுத்தேன். கடிவாயில் பற்றுப் போட்டேன். ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தேன். நன்றாகப் பேசினார், சிரித்தார். அனுப்பிவிட்டேன். நடுராத்திரி வாயெல்லாம் ரத்தம். பால் வண்டியில் போட்டு தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். அது என் சாமர்த்தியத்தால் அல்ல. அந்த ஒரு மணி நேரம் அவருடையது; நான்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் மாம்பழ சீசன் வந்தால் அந்த முகம் ஞாபகம் வரும்.

'பச்சிலையில் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, டாக்டர்?' என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். நம்மைக் கடிக்கிற பாம்புகளில் விஷமில்லாதவை ஏராளம். விஷப்பாம்பும் சில சமயம் பல்லை மட்டும் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமல் போய்விடும். அவர்களெல்லாம் வெறும் தண்ணீர் குடித்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். பெயர் பச்சிலைக்கு! சித்த மருத்துவத்தை நான் உயிராக மதிக்கிறேன். மதிப்பதால்தான் சொல்கிறேன், உடம்பில் ஏறிய பாம்பு விஷத்தை முறிக்க விஷமுறிவு ஊசி ஒன்றுதான் வழி.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் தமிழ்நாட்டு இருளர்களின் கைத்திறமையிலிருந்து! மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கத்தில் இந்த நான்கு பாம்புகளிடமும் விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். மருந்துக்கு மூலம் நம் ஊர் விஷம் என்பதால், ராஜஸ்தான் பாலைவனத்துச் சுருட்டை கடித்தவர்களுக்கு இது சரிவரக் கேட்பதில்லை என்று அங்குள்ள டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். இருந்தும், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பாம்புக்கடிக்கு வருகிறவர்களைப் பற்றி ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது.

சரி, ஓசூர்க்காரர் கதைக்கு வருவோம். அவர் மனைவி பதற்றத்தில் கர்ச்சீப்பால் காலை இறுக்கிக் கட்டியிருந்தார். கட்டவே கூடாது, ரத்த ஓட்டம் நின்று கால் கெட்டுப்போகும். கட்டியதை வழியில் சட்டென்று அவிழ்ப்பதும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு டாக்டர்தான் அவிழ்த்தார். கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, விஷக்கல் ஒட்டுவது எல்லாமே வீண்வேலை. மெட்டி, கொலுசு, மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் அப்புறம் கழறாது. எலும்பு முறிந்ததுபோல் நினைத்து, ஒரு குச்சியை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, காலை அசையாமல் வையுங்கள். நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கடித்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு வர வேண்டாம், இரண்டாவது ஆளையும் கடிக்கும். குழந்தைக்குக் கடித்தாலும் பெரியவர்களுக்கான அதே அளவு மருந்துதான் போடுவார்கள், பயப்படாதீர்கள். பாம்பு இறக்கிய விஷம் ஆளின் எடையைப் பார்ப்பதில்லையே!

அங்கே அவர் ரத்தத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசையாமல் வைத்தார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தால், தண்ணீராக ஓடியது. உறையவே இல்லை. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அந்த 20 நிமிஷமும் நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். 1996-ல் இதைச் செய்ய ஒரு குழாய் என் மேஜை மேலேயே இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். பத்து நாள் கழித்துக் குடும்பத்தோடு வந்தார்கள். அந்த அம்மாள், "வீட்டைச் சுத்தி சிறியாநங்கை வச்சா பாம்பு வராதாமே டாக்டர்?" என்றார். "அது பாம்புக்குத் தெரியாதும்மா. எலி சேராம, கல்லும் குப்பையும் குவியாம பார்த்துக்குங்க" என்று சொல்லி, காய்ச்சலுக்கு ஆகும் என்று இரண்டு நாற்று கொடுத்தனுப்பினேன்.

பையனுக்கு வேறு கவலை. அன்று பார்த்த சிவப்பு ஓணானை மறுபடி பார்க்க வேண்டுமாம். காலை ஒன்பது மணிக்குப் போகச் சொன்னேன். கணுக்கால் மூடும் ஷூ, தரையைத் தட்டிக்கொண்டே போக ஒரு கம்பு, கல்லைப் புரட்டக் கூடாது, பார்க்காத இடத்தில் கை வைக்கக் கூடாது, ஒதுங்குவதென்றாலும் புதரைத் தட்டிப் பார்த்துவிட்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிட வேண்டும்.

"அப்பாவும் வரலாமா அங்கிள்?" என்றான்.

அப்பா காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஷூ வாங்கினதும் வரலாம்" என்றேன்.