லேப்டாப்பில் ஒண்டுக் குடித்தனம்!

இரத்தின சபை உள்ள சிவத்தலம் திருவாலங்காடு. 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, திருத்தணி வட்டாரம் ஆந்திராவில் இருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. எல்லைக்கோடுதான் நகர்ந்தது. வீடும் வயலும் இருந்த இடத்திலேயே இருந்தன!

கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் எல்லைக்கோடு உண்டு. அதையும் நகர்த்தலாம். ஆனால் அங்கே வீடுகளையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருக்கும். ஆபத்து அதில்தான்.

2011 செப்டம்பர் 15-ந் தேதி, இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். முதலில் வந்த லேப்டாப்புகளில் "விண்டோஸ்", "பாஸ் லினக்ஸ்" என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. (கம்ப்யூட்டரை நடத்திச் செல்வது இயங்குதளம்.) "பாஸ்", மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதற்காகப் பழைய லேப்டாப்பைப் பரணில் போட வேண்டியதில்லை. லினக்ஸ் இலவசம். விண்டோசுக்குப் பக்கத்திலேயே அதைக் குடிவைக்கலாம்.

கல்யாணப் படம் என்ன ஆகும்?

320 ஜி.பி. டிஸ்க் முழுவதும் விண்டோஸ் வசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைச் சுருக்கி, கடைசியில் 60 ஜி.பி. காலி செய்ய வேண்டும். அந்த மூலையில் அக்காளின் கல்யாணப் படங்கள் இருந்தால்? அவற்றை முன்பக்கம் கொண்டுபோய் வைத்த பிறகே சுவரைத் தள்ள முடியும். தூக்கிப் போகும்போது மின்சாரம் நின்றால் கல்யாணமே காணாமல் போகலாம்!

ஆகவே முதல் வேலை நகல் எடுப்பது. அதே டிஸ்க்கின் இன்னொரு மூலையில் வைத்தால் அது நகல் ஆகாது. வேறு டிஸ்க்கில் வைக்க வேண்டும். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை.

சுருக்கும் வேலையை விண்டோசிடமே விடுவது நல்லது. "டிஸ்க் மேனேஜ்மென்ட்" என்ற பகுதியில் அதற்கு வழி இருக்கிறது. 100 ஜி.பி. காலி இருந்தும், "இருபதுதான் தருவேன்" என்று சில சமயம் அது அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத கோப்பு ஏதாவது நடுவில் உட்கார்ந்திருக்கும். வீட்டைக் காலி செய்யாத குடித்தனக்காரர் மாதிரி! "ஹைபர்னேஷன்" வசதியை நிறுத்தினால் சில சமயம் வழிவிடும்.

பிறகு லினக்சைப் போடும்போது, டிஸ்க் முழுவதையும் அழிக்கவா, விண்டோசுக்குப் பக்கத்தில் வைக்கவா என்று கேட்கும். அவசரத்தில் முதலாவதைத் தொட்டால் எல்லாம் போச்சு!

லினக்சை உருவாக்கிய பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்சுக்கே கை தவறியது உண்டு. 1991-ல் அவர் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். அதில் இருந்த "மினிக்ஸ்" இயங்குதளம் பாழானது. அவர் அதை மறுபடி போடவில்லை. தம்முடைய லினக்சையே வைத்துக்கொண்டார்.