குழந்தைகளும் தசமக் கணக்கும்

நமது சங்கத்து எடைமேடைகளில் முன்னாளில் கண்ட எடைக்கற்கள் இன்று அருகிவிட்டன. மின்னணுத் தராசின் முகப்பில் எண்கள் மட்டுமே ஒளிர்கின்றன. பருத்தி மூட்டையை ஏற்றியதும் 40.500 என்று காட்டினால், அது நாற்பது கிலோ ஐந்நூறு கிராம். 40.050 என்று காட்டினால், நாற்பது கிலோ ஐம்பது கிராம். இரண்டிலும் இருப்பவை அதே இலக்கங்கள்தாம். ஐந்து ஓரிடம் தள்ளி நின்றதனால் நேர்ந்த வேறுபாடு 450 கிராம்! நூல் வாங்கும் நெசவாளர்க்கும் விளைபொருள் அளிக்கும் விவசாயிக்கும் இது சிறிய தொகையன்று. ஆகையால் இடமதிப்பு என்பது பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடும் பாடமன்று. நமது உழைப்பின் பலனைக் காக்கும் அறிவாகும்.

இவ்வறிவை ஒரு காலத்தில் நமது வீட்டுச் சில்லறையே ஊட்டியது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த முறை மாறி, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு பைசா என்னும் தசம நாணயம் வழக்கிற்கு வந்தது. ஒரு பைசாக்கள் பத்துச் சேர்ந்தால் ஒரு பத்துப் பைசா. பத்துப் பைசாக்கள் பத்துச் சேர்ந்தால் ஒரு ரூபாய். கடைக்குச் சென்று மீதி வாங்கி வந்த சிறுவன், தானறியாமலே தசமக் கணக்கைப் பயின்றான். 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாதனவாயின. இன்றைய குழந்தை பத்துப் பைசாவைக் கையால் தொட்டதில்லை. நாணயம் சொல்லிக் கொடுத்த பாடத்தை இனி நாமே வீட்டில் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. தென்னை ஈர்க்குகளைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொள்வோம். கட்டுவதற்குத் தறியடியில் கிடக்கும் கழிவு நூல் போதும். தரையில் மூன்று கட்டங்கள் வரைந்து, வலக்கோடியிலிருந்து ஒன்று, பத்து, நூறு எனப் பெயரிடுவோம். விதி ஒன்றே: எந்தக் கட்டத்திலும் பத்துச் சேரக்கூடாது. சேர்ந்தால் அவற்றை ஒரே கட்டாகக் கட்டி இடப்பக்கத்துக் கட்டத்திற்கு அனுப்பிவிட வேண்டும். குழந்தை தன் கையாலேயே கட்டட்டும். பத்துக் குச்சிகள் ஒரு கட்டாவதையும், பத்துக் கட்டுகள் ஒரு பெருங்கட்டாவதையும் கண்ட குழந்தைக்கு, 33 என்னும் எண்ணில் இடப்பக்கத்து மூன்று ஏன் முப்பது என்பதை விளக்க வேண்டியிராது.

அடுத்துச் சுழியைக் காண்போம். நூற்றிரண்டு எழுதச் சொன்னால் சில குழந்தைகள் 1002 என்று எழுதுவதுண்டு. நூறு என்று கேட்டதும் 100, இரண்டு என்று கேட்டதும் 2. இதை மூடத்தனம் என்று கடிந்துகொள்ளலாகாது. நமது பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்திற்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தன; நூற்றிரண்டை ௱௨ என்றே எழுதினர். அம்முறையில் சுழிக்கு வேலையில்லை. இன்றைய முறையிலோ குறிக்கு மதிப்பளிப்பது அது நிற்கும் இடமே. ஆதலால் வெறுங்கட்டத்தைக் காக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சுழி. ஒரு பெருங்கட்டு, நடுவே வெறுங்கட்டம், இரண்டு குச்சிகள் என வைத்துக் காட்டினால், குழந்தை தானே 102 என்று திருத்திக்கொள்ளும்.

இதில் தேர்ச்சி பெற்று, கூட்டலும் கழித்தலும் பழகிய பின்னரே புள்ளிக்கு வலப்பக்கம் செல்ல வேண்டும். ஒரு மீட்டர் நாடாவை எடுத்து, பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு முறை சிவப்பு நூலால் தையலிடுவோம். ஒவ்வொரு பாகத்தையும் மீண்டும் பத்தாக மைக்கோட்டால் பிரிப்போம். முழு நாடா ஒன்று; சிவப்புப் பாகம் பத்தில் ஒன்று; மைப் பாகம் நூற்றில் ஒன்று. இங்கும் விதி பழையதே: சிறியன பத்துச் சேர்ந்தால் இடப்பக்கத்துப் பெரியது ஒன்று.

இப்பொழுது ஒரு வினா எழுப்புவோம்: 0.3 பெரிதா, 0.25 பெரிதா? இருபத்தைந்து மூன்றைவிடப் பெரிது என்று எண்ணிப் பல குழந்தைகள் 0.25 என்றே விடையளிப்பார்கள். நாடாவில் அளந்து காட்டுவோம். 0.3 என்பது மூன்று சிவப்புப் பாகங்கள்; 0.25 என்பது இரண்டு சிவப்புப் பாகங்களும் ஐந்து மைப் பாகங்களும். எது நீளம் என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

இப்பிழைக்கு நமது பேச்சு வழக்கமும் ஒரு காரணம். 0.25 என்பதைப் “புள்ளி இருபத்தைந்து” என்று படிப்பதனால், குழந்தையின் காதில் அது முழு எண்ணாகவே விழுகிறது. “புள்ளி இரண்டு ஐந்து” என்று இலக்கம் இலக்கமாகப் படிப்பதே முறை. அவ்வாறே ரூபாய் 3.5 என்பதை மூன்று ரூபாய் ஐந்து பைசா என்று கொள்வாரும் உளர். ஐந்து நிற்பது பத்தில் ஒன்றின் இடம். ஆகவே அது ஐம்பது பைசா. ஐந்து பைசாவாயின் 3.05 என்றே எழுத வேண்டும். இங்கும் வெற்றிடத்தைக் காப்பது அதே சுழிதான்.

இவ்வளவும் விளங்கிய பின், குழந்தையைத் தராசின் முன் நிறுத்துவோம். புள்ளிக்கு அடுத்த முதலிடம் நூறு கிராம், இரண்டாமிடம் பத்துக் கிராம், மூன்றாமிடம் ஒரு கிராம். தொடக்கத்தில் கண்ட 40.500, 40.050 இரண்டையும் அது பிழையின்றிப் பிரித்துச் சொல்லும்.

அங்கத்தினர்களுக்கு நாம் வேண்டிக்கொள்வது இதுவே. எடைச்சீட்டையும் பாஸ் புத்தகத்தையும் பெட்டியில் பூட்டி வைக்குமுன், ஒருமுறை குழந்தையின் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தவறினால் வையாதீர்கள், நாடாவை எடுத்துக் கொடுங்கள். நம்மில் சிலர்க்கும் அந்தப் பாடம் உடன் கிட்டும். அதில் நாணத்திற்கு இடமில்லை. எழுதியவர் ஒருவர், சரிபார்ப்பவர் பலர் என்பதே கூட்டுறவின் பலம். தம் சீட்டைத் தாமே படித்தறியும் அங்கத்தினர்கள் நிறைந்த சங்கத்தில் கணக்கும் நேராக நிற்கும், நம்பிக்கையும் நிலைபெறும்.