ஆர்.எக்ஸ். நூறும் ஒரு புகைக்குழாயும்

அச்சுவேலியிற் சென்ற மாதம் யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்தது. நம்மிடம் முன்னர்ப் படித்த இளைஞர் ஒருவர் அதனை வாங்க எண்ணித் துணைக்கு நம்மையும் அழைத்துச் சென்றார். புதிய வர்ணம், புதிய இருக்கை, வண்டி மின்னியது. "பாருங்கோ சேர், குழாயைக்கூட மாத்தியிருக்கினம்" என்று மகிழ்ந்தார். நமக்கோ அந்தக் குழாயிலேதான் ஐயம் பிறந்தது.

இந்தியாவில் எஸ்கோர்ட்ஸ் நிறுவனம் 1985 இல் வெளியிட்ட இச்சிறு வண்டியின் உற்பத்தி, புகைக் கட்டுப்பாடுகள் இறுகிய 1996 இல் நின்றது. 98 சி.சி. எஞ்சினுக்கு 11 குதிரைவலு. நான்கடிப்பு எஞ்சினில் சுழல்தண்டு இருமுறை சுற்றினால் ஒருமுறையே எரிதல் நிகழும். 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இந்த ஈரடிப்பு எஞ்சினிலோ ஒவ்வொரு சுற்றிலும் நிகழும். ஆயினும் ஒரு குறை உண்டு. புகை வெளியேறும் வாயில் மூடுமுன்பே புதிய எரிகலவை நுழைவதால் அதில் ஒரு பகுதி வீணே வெளியேறப் பார்க்கும். அதனைத் தடுப்பது புகைக்குழாயின் வடிவமே. புகையின் அழுத்த அலை, குழாயினுள் ஒடுங்கும் பகுதியில் மோதித் திரும்பி, ஓடும் கலவையை உருளைக்குள்ளேயே தள்ளிவிடுகிறது.

கிழக்கு ஜேர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்னும் பொறியியலாளர் இவ்வித்தையைத் தீட்டி, 1961 அளவில் 125 சி.சி. பந்தய எஞ்சினில் 25 குதிரைவலு பெற்றார். அவ்வாண்டு செப்டெம்பரில் சுவீடன் பந்தயத்திற்குச் சென்ற அவருடைய ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பியோடினார். இரகசியம் ஜப்பானின் சுசுக்கியை அடைந்தது. அடுத்த ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டத்தைச் சுசுக்கியில் ஏறி வென்றார் டெக்னர். அலைத்தெறிப்புப் பாடத்தில் இக்கதையைச் சொன்னாற் பின்வாங்கும் விழித்துக்கொள்ளும்!

ஆகவே, சத்தத்துக்காகக் குழாயை மாற்றியவர் எஞ்சினின் ஓர் உறுப்பையே மாற்றியவராவார். இன்னோர் அச்சமும் உண்டு. இவ்வகை எஞ்சினில் மசகெண்ணெய் பெற்றோலோடு கலந்தே உட்செல்கிறது. எண்ணெய் குறைந்தாற் பிஸ்டன் உருளையில் இறுகி, பின்சில்லு ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து.

எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம், சரியாயிருந்தது. பழைய குழாய் எங்கே என்றோம். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தாயிற்றாம். இளைஞர் வண்டியை மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார். பின்னர், அசற்குழாய் ஒன்றின் விலையைக் கழித்துத் தரலாமோ என்று மெல்லக் கேட்கத் தொடங்கினார்.